எக்ஸ்எல் என்பது எத்தனை அங்குலம்? சந்தை, கடை, ஆன்லைன், தையல்காரர்: ஓர் ஒப்பீடு

அக்காள் மகளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்தது. ஆவணி பிறந்தால் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். வாரத்துக்கு ஐந்து உடுப்பு தேவை. கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய். "எங்கே எடுக்கலாம் சித்தி?" என்று கேட்டவள், அடுத்த மூச்சிலேயே "என்னுடைய சைஸ் எது?" என்றும் கேட்டாள். ஒரு கடையில் எம் சரியாக இருக்கிறதாம். இன்னொரு கடையில் எக்ஸ்எல் போட்டாலும் கையைத் தூக்க முடியவில்லையாம்.

பதில் சொல்வதற்கு முன் என் பீரோவைத் திறந்து, எக்ஸ்எல் என்று சீட்டு தைத்த நான்கு குர்த்திகளைக் கட்டிலில் விரித்து இஞ்ச் டேப் வைத்தோம். மார்புச் சுற்று 40, 41, 42½, 44. நான்கும் ஒரே உடம்புக்கு வாங்கியவை. 44 இப்போது இரவு உடையாகிவிட்டது. 40 துணி உலர்த்தும் கொடிக்கே இரண்டு முறைதான் வந்திருக்கிறது. அதை வாங்கியபோது பாதி விலை என்று நான் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது.

தீபாவளி நெருங்கினால் இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்பார்கள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## சீட்டில் இருப்பது எதன் அளவு?

சீட்டு பொய் சொல்கிறது என்று திட்டுவதில் பயனில்லை. அது வேறு எதையோ அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். குர்த்தியில் 42 என்று இருந்தால் சில தயாரிப்பாளர்களுக்கு அது உடம்பின் மார்பளவு. துணி அதைவிட மூன்று நான்கு அங்குலம் பெரிதாக இருக்கும். வேறு சிலருக்குத் தைத்து முடித்த துணியின் சுற்றே 42. முதல் வகை 42 உங்களுக்குச் சரியாக இருந்தால், இரண்டாம் வகை 42 தோலோடு ஒட்டும்.

ஆண்களின் சட்டையில் குழப்பம் இன்னும் வேடிக்கையானது. ஒரு சட்டையில் 40 என்பது அங்குலக் கணக்கில் மார்பளவு. பக்கத்துத் தட்டில் இருக்கும் அலுவலகச் சட்டையில் 40 என்பது சென்டிமீட்டர் கணக்கில் கழுத்துப்பட்டையின் சுற்று, அதாவது பதினைந்தே முக்கால் அங்குலம். இரண்டு சீட்டிலும் எழுதியிருப்பது வெறும் 40.

இதற்கு மேல் தொழிற்சாலையின் கைவரிசை வேறு. துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் வெட்டும்போது மேலடுக்கும் அடியடுக்கும் துல்லியமாக ஒன்றாக வருவதில்லை. தைப்பவர் ஓரம் பிடிப்பதிலும் கூடும், குறையும். அரை அங்குல வித்தியாசத்தைப் பிசகு என்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை. வாங்குபவர் மனம் குளிரட்டும் என்று 34 அங்குல இடுப்புக்கு 32 என்று சீட்டு தைப்பதும் உலகெங்கும் நடக்கிற வியாபாரம். அமெரிக்கா 1958இல் பெண்கள் உடைக்கென்று ஓர் அளவுத் தரத்தை வெளியிட்டுப் பார்த்து, 1983இல் அதைக் கைவிட்டது. இங்கே தேசிய ஆடை வடிவமைப்புக் கழகமான நிஃப்ட், இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை தயாரிக்க 25,000 பேரை ஆறு நகரங்களில் அளக்கத் திட்டமிட்டது. கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். நம் பக்கத்து ஊர் எதுவும் பட்டியலில் இல்லை என்பது என் சின்ன வருத்தம். எது எப்படி இருந்தாலும், கடைத் தட்டில் ஒரே அளவு வரும்வரை நம் டேப்தான் நமக்குச் சட்டம்.

## எவற்றை வைத்து ஒப்பிடலாம்

விலையை முதலில் பார்ப்பது தவறு. இருநூறு ரூபாய்க்கு வாங்கி இரண்டே முறை உடுத்தினால் ஒரு முறைக்கு நூறு ரூபாய். எழுநூற்றைம்பது செலவழித்துத் தைத்ததை அறுபது முறை உடுத்தினால் ஒரு முறைக்குப் பன்னிரண்டரை ரூபாய். சிக்கனம் என்று நான் சொல்வது இந்த இரண்டாவது கணக்கை.

என் அளவுகோல்கள் நான்கு. வாங்குமுன் அளந்தோ போட்டோ பார்க்க முடியுமா? பிசகினால் திருப்பித் தரவோ திருத்தவோ வழி உண்டா? விலைச்சீட்டில் இல்லாத செலவு எவ்வளவு? எத்தனை நாள் அலைய வேண்டும்? இந்த நான்குக்கும் மேலே ஒன்றை வைக்கிறேன்: தோள்.

ஏன் தோள்? மற்றதெல்லாம் திருத்தக்கூடியது. இடுப்பு பெரிதாக இருந்தால் பிடிக்கலாம். நீளம் அதிகமென்றால் மடித்துத் தைக்கலாம். உள்ளே துணி விட்டிருந்தால் பக்கத் தையலைப் பிரித்து ஒரு அங்குலம் பெரிதாக்கலாம். தோளைத் தொட்டால் கையைப் பிரிக்க வேண்டும், கை சேரும் வளைவை மறுபடி வெட்ட வேண்டும், கழுத்தின் அமைப்பும் மாறும். என் கணவருக்கு ஒருமுறை பத்தொன்பது அங்குலத் தோள் வைத்த அருமையான லினன் சட்டை கிடைத்தது. அவருக்குத் தோள் பதினேழரை. தையல்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைக் குறைக்கிற நேரத்தில் புதிதாக ஒன்றைத் தைத்துத் தந்துவிடுவேன்" என்றார். இப்போது அது வீட்டில் ஒட்டடை அடிக்கிறது.

ஆகவே எங்கே வாங்கினாலும் முதல் வேலை வீட்டில்தான். உங்களுக்கு மிகச் சரியாக இருக்கும் ஓர் உடுப்பைச் சமதளத்தில் விரியுங்கள். தோள் தையலிலிருந்து எதிர்த் தோள் தையல் வரை, அக்குளிலிருந்து அக்குள் வரை, நீளம், கை நீளம். பேண்ட் என்றால் இடுப்பு, தொடை, உள்கால். உடம்பை அளப்பதைவிட இது நல்லது. மூச்சை இழுத்துப் பிடித்து நம்மை நாமே ஏமாற்ற முடியாது. எண்களைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டு, டேப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## சண்டே மார்க்கெட்

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் விரியும் இந்தச் சந்தையில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய துணி என்று சொல்லிக் குவியலாக விற்பார்கள். உண்மையிலேயே ஏற்றுமதி மிச்சமாக இருப்பவை அங்கே வருவதற்குக் காரணங்கள் உண்டு. சேதத்துக்கு ஈடாகத் தொழிற்சாலைகள் ஆர்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தைக்கும், அது மிஞ்சும், ஆர்டர் ரத்தாகும், சின்னக் குறைக்காக ஒதுக்கப்படும். முதல் இரண்டு வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது வகையைக் கண்டுபிடிக்க வெயிலில் நின்று ஒவ்வொரு தையலாகப் பார்க்க வேண்டும். ஜிப், காஜா, கைமடிப்பு, கறை, கால் முறுக்கு.

அளவில் இங்கே சீட்டு அறவே உதவாது. பாதிக்கு மேல் சீட்டை வெட்டியிருப்பார்கள். இருப்பதும் வேற்றூர் எண்தான்: பெண்கள் உடையில் அமெரிக்காவின் 8 என்பது பிரிட்டனில் 12. வெளிநாட்டு உடம்புக்கு வெட்டிய சட்டையில் கையும் தோளும் நமக்கு நீளமாகவே வரும்.

போட்டுப் பார்க்க அறை கிடையாது. பேண்டின் இடுப்புப் பட்டனைப் போட்டு, பட்டையைக் கழுத்தைச் சுற்றி வைத்து, இரு முனையும் பிடரியில் சந்தித்தால் இடுப்புக்குச் சேரும் என்று ஒரு தெருவோரக் கணக்கு உண்டு. கழுத்து இடுப்பில் ஏறக்குறையப் பாதி என்ற நம்பிக்கையில் பிறந்தது. மெல்லிய கழுத்தும் தடித்த இடுப்பும் உள்ள என்னை அது கைவிட்டது. டேப் வைப்பதைப் பார்த்துச் சில வியாபாரிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு நன்மையும் உண்டு: டேப்போடு வருபவரிடம் விலையை ஏற்றிச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

மறைந்த செலவு: கடலூரிலிருந்து போய்வர இரண்டு பேருக்கு பஸ், ஒரு காலை நேரம், கால் மடித்துத் தைக்கும் கூலி, எல்லாவற்றையும்விட 'இந்த விலைக்கு விடலாமா' என்று வாங்கிவிடும் மூன்றாவது உருப்படி. அடுத்த ஞாயிறு அதே வியாபாரி அதே இடத்தில் இருந்தாலும் மாற்றித் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யாருக்கு நல்லது: பேண்ட், அரைக்கால் சட்டை, டிசர்ட், வீட்டு உடை, வளரும் பிள்ளைகளுக்கான துணி. பிள்ளைகளுக்குப் பெரிதாக இருப்பதே வசதி; மடிப்பை வருடத்துக்கு ஒரு முறை பிரித்துவிடலாம். அளவு கச்சிதமாக உட்கார வேண்டிய அலுவலகச் சட்டைக்கு இந்த இடம் சரிப்படாது.

## கடைகள்: புதுச்சேரி நேரு வீதியும் கடலூர் லாரன்ஸ் ரோடும்

போட்டுப் பார்க்கும் அறை இருப்பதுதான் கடைக்காரருக்கு நாம் தரும் கூடுதல் காசுக்கு ஈடு. அந்த அறையை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. கண்ணாடிமுன் விறைப்பாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அக்காள் மகளிடம் சொன்னேன்: கடலூர் பஸ்ஸில் நிற்பதுபோல் கையை உயர்த்திக் கம்பியைப் பிடி. முன்னால் குனி. உட்கார். தோள் இழுத்தால், மார்புப் பட்டன் வாயைத் திறந்தால், அதைக் கழற்றி வை. ஒரே எண்ணில் இரண்டு உருப்படியைப் போட்டுப் பார். இரண்டும் வேறாக இருக்கும்.

ஆடித் தள்ளுபடியைப் பற்றி ஒரு வார்த்தை. தள்ளுபடித் தட்டில் பெரும்பாலும் நடு அளவுகள் முன்பே விற்றுத் தீர்ந்திருக்கும். எஸ் ஒன்றும் மூன்று எக்ஸ் ஒன்றும் மிஞ்சியிருக்கும். சிறிய உடம்புக்காரருக்கும் பெரிய உடம்புக்காரருக்கும் அது திருவிழா. நடுவில் இருப்பவர்கள் 'கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம்' என்ற சமாதானத்தோடு வாங்கிப் போகிறார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதிலும் இதே கதைதான். இலவசமாக வருவது நம் அளவில் இல்லையென்றால் வாங்கியதன் விலை பாதியாகவில்லை, முழுசாகவே இருக்கிறது.

பில்லின் பின்பக்கத்தையும் படியுங்கள். மாற்றித் தருகிறோம் என்பதற்கும் பணம் திருப்பித் தருகிறோம் என்பதற்கும் தூரம் அதிகம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். கிழிசலுக்கும் தையல் பிரிவுக்கும் அது பொருந்தும். 'எனக்குச் சேரவில்லை' என்பது குறைபாட்டில் சேராது.

இந்த வழி நல்லது: இரண்டு நாளில் உடுப்பு வேண்டும் என்கிறவர்களுக்கும், தோள் சாதாரண அளவில் இருப்பவர்களுக்கும். கால் நீளத்தைக் கடையிலேயே இலவசமாக மடித்துத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் தருகிறார்கள், வாய்விட்டுக் கேட்பவர்களுக்கு.

## ஆன்லைன்

விலை கண்ணைப் பறிக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டியது அளவு அட்டவணையின் தலைப்பை: உடல் அளவா, துணி அளவா? தலைப்பே இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். துணி அளவு தந்திருந்தால் உங்கள் கைபேசியில் உள்ள எண்களோடு நேராக ஒப்பிடலாம். வீட்டில் செய்த வேலை இங்கேதான் அதிகம் பலன் தரும். வாங்கியவர்கள் தங்கள் உயரம், எடையோடு எழுதும் கருத்துகள் நட்சத்திரங்களைவிட நம்பகமானவை.

ஒரே தயாரிப்பில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நானும் நம்பியிருந்தேன். அதே குர்த்தியை அதே அளவில் வேறு நிறத்தில் வாங்கினேன். மார்பு ஒன்றரை அங்குலம் குறைவு. வேறு தொகுப்பில் வெட்டியதாக இருக்கும், யாரைக் கேட்பது?

திருப்பி அனுப்பலாம் என்பது தைரியம் தருகிறது. உள்ளாடைக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. சில இடங்களில் கட்டணம் பிடிக்கிறார்கள். திரும்ப எடுக்க வருகிறவர் எப்போது வருவார் என்று ஒருவர் வீட்டில் காத்திருக்க வேண்டும். ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் கிராமங்களில் அந்தக் காத்திருப்பு நீளும். பார்க்கலாம் என்று இரண்டு அளவில் வாங்கினால் ஒன்றின் பணம் சில நாள் முடங்கும். மூவாயிரத்தை வைத்துக்கொண்டு நடத்துகிறவளுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

சாதாரணக் கடைத் தட்டில் கிடைக்காத அளவு உள்ளவர்களுக்கு, மிக உயரமானவர்களுக்கு, மிகப் பெரிய அளவு வேண்டியவர்களுக்கு இதுதான் நல்ல வழி. மற்றவர்களுக்கு மூன்றாவது இடம் தருகிறேன்.

## துணி எடுத்துத் தைப்பது

கூலி ஏறிவிட்டது, அதனால் இது கட்டுப்படியாகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கூலியைப் பார்க்கிறவர்கள் துணியின் அகலத்தைப் பார்ப்பதில்லை. முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத்தில் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் வேண்டும். 58 அங்குல அகலத்தில் ஒன்று புள்ளி ஆறு மீட்டர் போதும். மீட்டர் 150 ரூபாய் என்ற 36 அங்குலத் துணிக்கு 337 ரூபாய் ஐம்பது காசு. மீட்டர் 200 ரூபாய் என்ற 58 அங்குலத் துணிக்கு 320. மீட்டர் விலை அதிகமானதே மலிவாக முடிகிறது. கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அகலத்தைக் கேளுங்கள்.

பருத்தி என்றால் வெட்டக் கொடுக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் போட்டு உலர்த்திவிடுங்கள். நெசவிலும் முடிப்பு வேலையிலும் இழுபட்ட நூல் முதல் நனைப்பில் தளர்ந்து சுருங்குகிறது. நூற்றுக்கு ஐந்து என்று சுருங்கினால் 42 அங்குல நீளக் குர்த்தி இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். ரெடிமேடில் இந்த ஆபத்தைத் தடுக்க வழியில்லை. இங்கே ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துவிடுகிறது.

தையல்காரரிடம் உடம்பளவு கொடுப்பதைவிட அளவுத் துணி கொடுப்பது மேல். நம் ஊரில் ரவிக்கைக்குக் காலங்காலமாகச் செய்வதுதான். ஏனோ சுடிதாருக்கும் சட்டைக்கும் மறந்துவிடுகிறோம். கூடவே, உள்ளே பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து உடம்பு பெருத்தால் பிரித்து விடலாம். ரெடிமேடில் உள்ளே கால் அங்குலம் மட்டும் விட்டு, நூல் பிரியாமல் ஓரத்தில் ஓவர்லாக் தையல் போட்டு முடித்திருப்பார்கள். அதைச் சிறிதாக்கலாம், பெரிதாக்க முடியாது.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. லைனிங், ஜிப், பட்டன் தனி. தவறாக வெட்டிவிட்டால் துணி போனது போனதுதான். புதுத் தையல்காரரிடம் முதலில் விலை குறைந்த ஒரு துணியைக் கொடுத்துப் பாருங்கள். தீபாவளிக்குச் சில வாரம் முன்பே புதுத் துணி வாங்க மறுத்துவிடுவார்கள். ஜீன்ஸ், டிசர்ட், லெக்கின்ஸ் ஆகியவற்றுக்கு உள்ளூர்த் தையல் சரிப்படாது, அந்தத் துணிக்கு வேறு இயந்திரம் வேண்டும்.

ஒரு தோள் சற்று இறங்கியிருப்பவர்கள், மார்புக்கும் இடுப்புக்கும் வித்தியாசம் அதிகமுள்ளவர்கள், ரெடிமேடில் எப்போதும் ஓரிடத்தில் இடிபடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். தினசரி அலுவலக உடைக்கு என் முதல் தேர்வும் இதுவே.

## அளவே கேட்காத உடை

கைலிக்கும் வேட்டிக்கும் புடவைக்கும் இந்தத் தலைவலி இல்லை. கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி கைலிக்கு எம்மும் கிடையாது எக்ஸ்எல்லும் கிடையாது; தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒன்றே. புடவையில் மட்டும் ரவிக்கை வழியாகத் தையல்காரர் மறுபடி உள்ளே வந்துவிடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் புடவை கட்டச் சம்மதிப்பவர்களுக்குச் செலவு நன்றாகக் குறையும். அக்காள் மகள் சம்மதிக்கவில்லை.

## ஒரே பார்வையில்

| | சண்டே மார்க்கெட் | கடை | ஆன்லைன் | தையல் |
|---|---|---|---|---|
| வாங்குமுன் சோதனை | டேப் மட்டும் | போட்டுப் பார்க்கலாம் | அட்டவணை மட்டும் | அளவுத் துணி |
| பிசகினால் | திருத்தம் மட்டும் | மாற்றம், பணம் அரிது | திருப்பலாம், காத்திருக்க வேண்டும் | பிரித்து விடலாம். வெட்டு தவறினால் நட்டம் |
| மறைந்த செலவு | பஸ், நேரம், தேவையற்ற உருப்படி | தள்ளுபடி மயக்கம் | முடங்கும் பணம், கட்டணம் | லைனிங், பட்டன், நடை |
| எதற்கு | பேண்ட், பிள்ளைகள் துணி | அவசரம் | அரிய அளவு | அலுவலக உடை |

அவள் கடைசியில் என்ன செய்தாள்? கல்லூரி நாள் டாப்ஸ் இரண்டு நன்றாக இருந்தன, அவற்றை வைத்துக்கொண்டாள். சண்டே மார்க்கெட்டில் இரண்டு பேண்ட், கால் மடித்த கூலியோடு 580. ஆடித் தள்ளுபடியில் ஒரு டாப்ஸ் 600; பஸ் கம்பிச் சோதனையில் நான்கு தோற்று ஐந்தாவது தேறியது. லெக்கின்ஸ் இரண்டு 500. மீட்டர் துணி எடுத்து இரண்டு டாப்ஸ் தைக்கக் கொடுத்ததில் துணியும் கூலியுமாக 1,200. ஆக மொத்தம் 2,880. மீதிக்கு பஸ் டிக்கெட்டும் கரும்புச் சாறும்.

தைக்கக் கொடுத்ததில் ஒன்று வந்துவிட்டது, தோள் அச்சில் வார்த்ததுபோல் உட்காருகிறது. இன்னொன்றை வெள்ளிக்கிழமை தருவதாகத் தையல்காரர் சொல்லியிருக்கிறார். எந்த வெள்ளி என்று நாங்கள் கேட்கவில்லை.